இரண்டு வேலைக்கு இரண்டு பெயர்

பெரியண்ணன்: ஏழாவது கேள்வி. ரத்தத்தப் பாத்தா தலை சுத்துமா உனக்கு?

சென்றாயன்: ஆடு உரிக்கறவனப் பாத்து கேக்கற கேள்வியாடா இது?

பெரியண்ணன்: சுத்தாது... எழுதிக்கறேன். கம்பவுண்டர் வேலைக்கும் ஒத்துவருவே.

சென்றாயன்: அது எங்க இருக்குது இப்ப? நம்ம சாயங்கால வகுப்புக்கு வந்தது ரெண்டே எடம். சேலத்துல வாத்தியார் ட்ரெயினிங் ஒண்ணு, பாரஸ்ட் கார்டு ஒண்ணு. வுட்டா, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கற லாரிதான். எட்டாங்கிளாஸ் பாஸானதும் நாம ரெண்டு பேருதான். இதுக்கு ஒரு நோட்டா?

பெரியண்ணன்: நம்ம வாத்தியாரு காய்ச்சல்ல படுத்துக்கிட்டு, யாருக்கு எது பொருந்தும்னு நீயே பாத்து எழுதி அனுப்புன்னுட்டாரு. தப்பாப் போயிட்டா...

சென்றாயன்: பொண்ணு பாக்க வர்றவங்ககூட இத்தனை கேக்க மாட்டாங்க.

பெரியண்ணன்: சிரிக்காத. எட்டாவது. பதினாறு மைலு, நாலு மணி நேரம். நடப்பியா?

சென்றாயன்: வத்தல்மலையில பொறந்தவனப் பாத்து... புளி மூட்டையோட நடப்பேன்.

பெரியண்ணன்: பாத்தியா! கார்டு வேலைக்குன்னே அமைஞ்ச காலு.

சென்றாயன்: உன் காலு?

பெரியண்ணன்: இண்டூர் சந்தைக்குப் போயி வந்தாலே முட்டி வீங்கிக்கும்.

சென்றாயன்: சரி, நான் ஒண்ணு கேக்கறேன். வகுப்புல சின்னக் கரியனுக்குப் பின்னக் கணக்கு புரிய வெச்சது யாரு?

பெரியண்ணன்: நீதான். களி உருண்டைய நாலா வெட்டி...

சென்றாயன்: மூணத் தின்னுட்டு, "முக்கா போச்சு, கா இருக்குது"ன்னான். நீ சொல்லிக் குடுத்தப்ப?

பெரியண்ணன்: ...அழுதான்.

சென்றாயன்: அத எழுதிக்கிட்டியா?

பெரியண்ணன்: எழுதறேன், இரு... ஒம்பதாவது. காட்டுல திருட்டுத்தனமா எடுக்கறவங்க தெரிஞ்சவங்களா இருந்தாலும் புடிச்சுக் குடுப்பியா?

சென்றாயன்: எங்கம்மா கடுக்கா பொறுக்கறது எந்தக் காட்டுல?

பெரியண்ணன்: உங்க மலையில.

சென்றாயன்: காட்டக் குத்தகை எடுத்தவனுக்குப் போவாம ஒரு கூடை வூட்டுக்கு வந்தா, அது திருட்டு. வழி தெரிஞ்சவன்னு என்னை அங்கதான் போடுவாங்க.

பெரியண்ணன்: வேற மலைக்கு மாத்திக் கேட்டா...

சென்றாயன்: அங்க பொறுக்கறது யாரோட அம்மா? நோட்டுல எண்ணிப் பாரு. எனக்கு எது வருது?

பெரியண்ணன்: வாத்தியாரு. ஒம்பதுல ஏழு.

சென்றாயன்: உனக்கு?

பெரியண்ணன்: வாத்தியாருக்கு ரெண்டு. கையெழுத்து ஒண்ணு, பொறுமை ஒண்ணு. பொறுமையும் சந்தேகந்தான்.

சென்றாயன்: அப்பறம் என்ன, காயிதத்த எடு. எழுதிடலாம்.

பெரியண்ணன்: சென்றாயா...

சென்றாயன்: ம்?

பெரியண்ணன்: காயிதம் காலையிலயே தபால்ல போயிடுச்சு. ட்ரெயினிங்குக்கு என் பேரு. கார்டுக்கு உன் பேரு. போட்டதுக்கப்பறம் மனசு கேக்கல... கார்டு வேலைதான் உனக்குப் பொருந்தும்னு உன் வாயாலயே வந்துட்டா... அதுக்குத்தான்டா இத்தனை கேள்வியும்.

சென்றாயன்: தெரியும். தபாலாபீசுல நீ காயிதத்த உறையில போடறப்ப உன் முதுகுக்குப் பின்னாடிதான் நின்னேன், படிச்சுட்டேன். கார்டு வேலை எனக்கு வேணாம்னு நானும் ஒரு காயிதம் எழுதிப் போட்டுட்டுத்தான் வந்தேன். நீயா எப்பச் சொல்றியோன்னு பாத்துட்டிருந்தேன்... ஒம்பது கேள்வி ஆச்சு உனக்கு.