டாக்டர் தீபக்கின் வலது காது

மாலை ஆறே முக்கால் மணி. தொண்டாமுத்தூரைத் தாண்டி மேற்கே, மலையடிவாரத்துக்குப் போகிற ஒற்றைத் தார்ச்சாலை. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. எதிரே ஒரு வண்டி கிடையாது... ஒரு ஆள் கிடையாது.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நான் சத்தமாகச் சொல்லப் போவதில்லை.

இது நம் ரித்திகாவின் பெரியப்பா மகன் தீபக்குக்கு நடந்தது. காது மூக்கு தொண்டை டாக்டர். சரவணம்பட்டியில் சொந்த கிளினிக். போன தை மாசம் ஒரு நாள், தோட்டத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போனார். வழியில் ஒரு டார்ச் வெளிச்சம் குறுக்கே ஆடியது. வனத்துறைக் காவலர்.

“யானை கடக்குதுங்க. வண்டிய ஆஃப் பண்ணிப்போடுங்க. லைட்டும் வேண்டாமுங்க.”

அணைத்தார். கண்ணாடியை இறக்கினார். யானைச் சாணியின் புளித்த வாசம். தோப்புக்குள் எங்கோ மட்டை ஒன்று முறிந்தது. பிறகு அதுவும் இல்லை.

அப்போதுதான் கேட்டது.

தொம்... தொம்... தொம்...

யானையின் காலடியா? யானை நடந்தால் சத்தமே வராது. அங்கே பிறந்து வளர்ந்தவருக்கு இது தெரியாதா? இடது காதைப் பொத்திப் பார்த்தார். கேட்டது. வலது காதைப் பொத்தினார். இன்னும் பலமாகக் கேட்டது. வெளியிலிருந்து வருகிற சத்தமாக இருந்தால் பொத்தியதும் குறைய வேண்டும். இது உள்ளேயிருந்து வந்தது.

சரியாக இருபது நாளுக்கு முன்னால், ஒருத்தி இதே சத்தத்தைச் சொல்லிக்கொண்டு அவரிடம் வந்திருந்தாள்.

அவள் பெயர் மாசாணியம்மாள். நாற்பத்தாறு வயது. அடிவாரத்துத் தோப்புகளில் தேங்காய் உரிக்கிற வேலை. புருஷன் மாசாணத்தோடு இரண்டு பஸ் மாறி சரவணம்பட்டிக்கு வந்திருந்தாள்.

“ஏனுங்க டாக்டரு, காதுக்குள்ள ஆரோ உரலு இடிக்கற மாதிரி தொம்மு தொம்முன்னு கேக்குதுங்க. பத்து மாசமாச்சு. படுத்தா தூங்க உடமாட்டீங்குது.”

மாசாணம் பக்கத்தில் நின்றபடியே சொன்னார்: “கிட்டப் படுத்தா எனக்கே கேக்குதுங்க சார். அவ காதுலருந்து.”

தீபக் சிரித்துவிட்டார். “அப்படின்னா அடுத்த சீட்டு உனக்குத்தான்.”

காதில் கருவியை வைத்துப் பார்த்தார். உள்ளே செவிப்பறையைத் துளைத்துக்கொண்டு சிவப்பாக ஒரு சதை. கோழிக்கொண்டை மாதிரி. அது துடித்தது.

கழுத்திலிருந்து தலைக்குப் போகிற பெரிய ரத்தக் குழாய்களை ஒட்டி, காதுக்குள் வளர்கிற ஒரு கட்டி உண்டு. பல லட்சம் பேரில் ஒருவருக்கு வரும். பார்த்தால் சாதாரணச் சதை மாதிரித்தான் இருக்கும். ஆனால் உள்ளே முழுக்க ரத்தம். ஸ்கேன் பார்க்காமல் அதில் கை வைக்கவே கூடாது. இந்தப் படிப்பு படிக்கிற எல்லோருக்கும் முதலிலேயே இதைச் சொல்லித் தந்துவிடுவார்கள். தீபக் பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவர்.

அந்த நிமிஷத்தில் அவருக்கு அது ஞாபகமும் வந்தது. அதுதான் கொடுமை. வந்தது... ஆனால், ‘அவ்வளவு அபூர்வமான வியாதி, தேங்காய் உரிக்கிற இவளுக்கா வரப்போகிறது?’ என்று நினைத்துக்கொண்டார்.

காது கேட்கும் சோதனை செய்கிற பெண் சண்முகப்ரியா அறைக்குள் இருந்தாள். “சார், ஒரு ஸ்கேன் பாத்துட்டு...” என்று இழுத்தாள்.

“சின்னச் சதைதான். அஞ்சு நிமிஷ வேலை. இடுக்கிய எடு.” ஏழு மணிக்கு அவருக்கு ஒரு கல்யாண வரவேற்பு இருந்தது.

ஒரே கிள்ளு.

தண்ணீர்க் குழாய் உடைந்த மாதிரி ரத்தம். அவர் சட்டை, கண்ணாடி, சுவர்... சூடான ரத்தத்தின் துரு வாசம் அறையை நிறைத்தது. மாசாணியம்மாள் கத்தவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வாயோரம் வழிவதைத் துடைத்துக்கொண்டு, ஒன்றே ஒன்று கேட்டாள்.

“டாக்டருங்க... சத்தம் நின்னுபோச்சுங்களா?”

துணித்திரியை வைத்து அடைத்தார்கள். நனைந்தது. மறுபடி அடைத்தார்கள். மறுபடி நனைந்தது. இனி இவள் தேறமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தன் கிளினிக்கில் உயிர் போகக் கூடாது. ஆம்புலன்சை வரச்சொல்லிவிட்டு, ஒரு காகிதத்தில் இங்கிலீஷில் மளமளவென்று எழுதினார். ஸ்கேன் எடுக்கச் சொன்னோம், குடும்பத்தார் மறுத்தார்கள், அவர்கள் வற்புறுத்தியதால்தான் செய்தோம் என்று. அதை மாசாணத்தின் முன்னால் நீட்டினார்.

“ஆம்புலன்சுக்கு. சீக்கிரம் வெய்யி.”

எழுதத் தெரியாத மனிதர், பெருவிரலை வைத்தார். அவள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்த கை அது. மை தேவைப்படவில்லை.

பெரியாஸ்பத்திரி போய்ச் சேருவதற்கு முன்பே அவள் உயிர் போய்விட்டது. போலீஸ் வந்தது, காகிதத்தைப் பார்த்தது, போய்விட்டது. தீபக் அன்றைக்கு வேறு சட்டை மாற்றிக்கொண்டு வரவேற்புக்குப் போனார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடவும் சாப்பிட்டார்.

இப்போது அந்தச் சத்தம் அவர் காதில்.

மறுநாளே ஸ்கேன் எடுத்தார். ஒன்றுமில்லை. கொச்சிக்குப் போய் ரத்தக் குழாய்களை எல்லாம் படமெடுத்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. கடைசியில் கிளினிக் கதவைச் சாத்திவிட்டு, சண்முகப்ரியாவைக் கூப்பிட்டு ஸ்டெதஸ்கோப்பைத் தன் காதுக்குப் பின்னால் வைத்துக் கேட்கச் சொன்னார்.

வைத்ததும் அவள் முகம் மாறியது. “கேக்குதுங்க சார்.”

“எண்ணு.”

“நிமிஷத்துக்கு அறுபத்தி நாலு.”

“இப்ப என் கைநாடியப் பாரு.”

பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரே உடம்பு. இரண்டு துடிப்பு.

அவள் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தாள். “அந்தம்மா சீட்டுல நாடி எழுதினது நான்தானுங்க சார். அறுபத்தி நாலு.”

அப்புறம் இன்னொன்று ஆரம்பித்தது. எந்த நோயாளி வந்தாலும் சரி, இவர் இடுக்கியைக் கையில் எடுத்தால் போதும்... அந்தச் சத்தம் ஓட ஆரம்பிக்கும். தொம்தொம்தொம்தொம்... பிடிபட்ட ஆட்டுக்குட்டியின் நெஞ்சு மாதிரி. இடுக்கியைக் கீழே வைத்தால் மெல்ல மெல்ல அடங்கும். நாலு மாசம் இப்படி. இவர் கருவியைத் தொடுவதை விட்டார். தூக்கம் போனது. பதினோரு கிலோ இறங்கினார்.

ஆனியில் ஒரு முடிவுக்கு வந்தார். சென்னைக்குப் போய், தெரிந்த ஒருவரைக் கெஞ்சி, அந்தக் காதையே கொல்லச் சொன்னார். உள்காதைச் சுரண்டி எடுத்து, கேட்கிற நரம்பையும் அறுத்துவிட்டார்கள். இனி இந்த ஜென்மத்தில் வலது காது கேட்காது. மயக்கம் தெளிந்து கண் விழித்தார்.

நிசப்தம்.

படுக்கையிலேயே விம்மி விம்மி அழுதார். சந்தோஷத்தில்.

பத்து நாள் நிம்மதியாகப் போனது. பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். பக்கத்தில் மனைவி வர்ஷினி. அவள் தலையைத் தூக்கினாள்.

“ஏங்க, போன்ல ஏதாச்சும் ஓடுதுங்களா?”

“இல்லையே.”

அவள் குனிந்தாள். அவருடைய வலது காதுக்குக் கிட்டே தன் காதைக் கொண்டுவந்தாள். அப்படியே இருந்துவிட்டாள்.

“என்ன... மறுபடி துடிக்குதா?”

“துடிக்கலீங்க. பேசறாங்க.”

“ஆரு? என்ன பேசறா?”

வர்ஷினி அவரிடமிருந்து விலகினாள். எழுந்தாள். அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் பொள்ளாச்சியில் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். போன் போட்டுக் கேட்டதற்கு, “அதெ மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க” என்று வைத்துவிட்டாள்.

தீபக் போனைக் காதோடு வைத்துப் பதிவு செய்து பார்த்தார். இரைச்சல்தான் இருந்தது. மறுநாள் சண்முகப்ரியாவைக் கெஞ்சினார். அவள் பயந்துகொண்டே காதைக் கொடுத்தாள். ஒரு நிமிஷம் இருக்கும். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். “அன்னைக்கே நான் உங்க கையப் புடிச்சிருக்கணும் சார்” என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

யோசித்துப் பாருங்கள். உங்கள் தலைக்குள் ஒருத்தி பேசிக்கொண்டே இருக்கிறாள். கிட்ட வருகிறவர்களுக்கெல்லாம் கேட்கிறது. உங்களுக்கு மட்டும் கேட்காது. அந்த நரம்பை நீங்களேதான் அறுக்கச் சொன்னீர்கள்.

ஒரு மாசம் தாங்கினார். அதற்கு மேல் முடியவில்லை. ஒரு நாள் மத்தியானம் அடிவாரத்துக்குப் போய் மாசாணத்தின் வீட்டு வாசலில் நின்றார். மாசாணம் கீற்று முடைந்துகொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து தோள்துண்டை உதறிக் கட்டிலில் விரித்தார்.

“வாங்க சார். உக்காருங்க.”

தீபக் கட்டிலில் உட்காரவில்லை. மண் தரையில் உட்கார்ந்தார். காகிதத்தில் என்ன எழுதினார் என்பதைச் சொன்னார். முழுசாகச் சொன்னார்.

“தெரியுமுங்க,” என்றார் மாசாணம். “போலீசு காட்டுனப்பவே எம் மக இனியா படிச்சுச் சொல்லிப்போட்டாளுங்க.”

அப்புறம் இவர் தன் வலது காதைக் காட்டினார். நடந்ததைச் சொன்னார். மாசாணம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆச்சரியப்படவில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, இவருடைய காதோடு தன் காதை ஒட்டி வைத்தார்.

“ம்...” என்றார் மாசாணம்.

கொஞ்ச நேரம் கழித்து... “ம்... ம்...”

வேலை முடிந்து வந்த பெண்டாட்டி அன்றைக்கு நடந்ததைச் சொல்லும்போது புருஷன் கொட்டுவானே, அந்த ‘ம்’. இடையில் ஒரு தடவை சிரித்தார். ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாசாணத்தின் மூச்சில் வெற்றிலையும் புகையிலையும் மணந்தது. தீபக் அசையாமல் இருந்தார். கால் மரத்துப்போனது. வெயில் வாசலைத் தாண்டி நகர்ந்தது. அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

“சரி அம்மணி,” என்று சொல்லிவிட்டு மாசாணம் தலையை எடுத்தார்.

“என்னங்க... என்னங்க சொல்றா?” வாழ்க்கையில் முதல்முறையாக அவரை ‘ங்க’ போட்டுப் பேசினார் தீபக்.

“உங்களுக்கு எந்த நாளுன்னு சொல்றாளுங்க.”

“எந்த நாள்னா...?”

மாசாணம் கட்டிலில் விரித்த துண்டை எடுத்து மடித்தார்.

“எந்த நாளுங்க? சொல்லுங்க. எப்பங்க?”

“அதெ மட்டும் உங்ககிட்டச் சொல்ல வேண்டாமுங்கறாளுங்க.”

தீபக் காலில் விழுந்தார். பணம் தருகிறேன், தோப்பை எழுதித் தருகிறேன், போலீசில் போய் நானே சொல்லிவிடுகிறேன் என்று என்னென்னவோ சொன்னார். மாசாணம் அவரைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார்.

“பாத்துப் போய்ட்டு வாங்க சார்,” என்றார்.

அடுத்த நாள் காலையில் மாசாணம் இரண்டு பஸ் மாறி சரவணம்பட்டிக்கு வந்தார். கிளினிக் வாசலில் வாட்ச்மேனிடம், “டாக்டரு இருக்காருங்களா?” என்று கேட்டார். இருக்கிறார் என்றதும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும்... கூலி வேலையை விட்டுவிட்டார். மழையிலும் வந்தார். தீபாவளி அன்றைக்கும் வந்தார். அதே கேள்வி. அதே தலையாட்டல்.

தீபக் கிளினிக் மாடியிலேயே தங்கிவிட்டார். நோயாளிகள் வருவதில்லை. வாரத்துக்கு ஒரு தடவை தனக்குத்தானே எல்லாச் சோதனையும் செய்துகொள்வார். இதயம், மூளை, ரத்தம்... ரித்திகா போய்ப் பார்த்தபோது ரிப்போர்ட்டுகளை மெத்தை முழுக்கப் பரப்பி வைத்திருந்தாராம். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. ஒரு வியாதியும் இல்லை. போகும்போது அவளிடமும், “கண்ணு, கொஞ்சம் இங்க காது வெச்சுக் கேட்டுச் சொல்லேன்” என்றிருக்கிறார். அவள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கி வந்துவிட்டாள்.

இன்றைக்குக் காலையில் அந்த வாட்ச்மேன் ரித்திகாவுக்கு போன் செய்தார்.

மாசாணம் வழக்கம்போல முதல் பஸ்சுக்கே வந்திருக்கிறார். ஆனால் சவரம் செய்து, குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு. டாக்டர் இருக்கிறாரா என்று இன்றைக்குக் கேட்கவில்லை. திரும்பியும் போகவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்தார். அக்குளில் இடுக்கியிருந்த செய்தித்தாள் பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரித்தார். புத்தம்புதுத் துணி. பிணத்துக்குப் போர்த்துகிற கோடி. சுருக்கம் விழுந்திருந்த இடத்தை உள்ளங்கையால் நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தாராம்.

வாட்ச்மேனுக்கு மனசு கேட்கவில்லை. கிட்டே போய்க் கேட்டிருக்கிறார்.

“ஏனுங்ணா, கோடியெல்லாம் வாங்கியாந்திருக்கீங்க. ஆரு தவறிட்டாங்க?”

மாசாணம் தலையை நிமிர்த்தினார். மாடி ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் வெயில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தார்.

“இன்னும் இல்லீங்க,” என்றார்.