ஏழு நாள் பொறுக்காத பாதை

அஸ்ஸலாமு அலைக்கும்.

முதலில், சபையோர் பொறுமையுடன் செவிமடுக்க வேண்டிய ஓர் அவசர அறிவித்தல். வாசற் களிமண்ணில் புதையுண்டிருந்த நீலநிறச் செருப்பொன்று, இடது கால், இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மீட்கப்பட்டுள்ளது. உரியவர் அடையாளம் கூறிப் பெற்றுக்கொள்ளலாம். வலது கால் இன்னும் தேடப்படுகிறது.

மேடையை அலங்கரிக்கும் தலைவர் அவர்களே, மில் முதலாளி றஸாக் ஹாஜியார் அவர்களே, பெரியோர்களே, வாலிபர் சங்கத் தோழர்களே. சிரித்தது போதும். அந்தக் களியோடு மல்லுக்கட்டியே ஒரு மனிதர் தேய்ந்து போனார். அவர் நம் பாதை வேலைகளை மேற்பார்த்த மர்ஹூம் அச்சிமுகம்மது ஓவசியர். இன்று இந்த இரங்கல் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழும்பி அவரை மாமனிதர் என்கிறீர்கள். போன மாதம் வரை இந்த ஊர் அவருக்கு வைத்திருந்த பெயர் என்ன? சாம்பல் ஓவசியர். அப்படிக் கூப்பிட்டவை எந்த வாய்கள்? இதே வாய்கள்தானே?

எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் பிறகு, வயல் வட்டைக்குப் போகும் பாதையில் மூன்று மாரிக்கு மூன்று தரம் கிறவல் மண் கொட்டினோம். மூன்றையும் களி விழுங்கியது. வெட்டிய நெல் ஏற்றிவர வழியின்றி வயலிலேயே முளைத்தது. அப்போது மண்வெட்டியோடு இறங்கியவர் யார்? பென்சன் எடுத்திருந்த அந்த ஓவசியர்தான். மில்லில் எரித்துக் கழித்த உமிச்சாம்பலைக் கேட்டு ஹாஜியாரிடம் போனார்.

"சாம்பலால றோட்டா? நாளைக்குத் தவிட்டால பள்ளி கட்டுவீங்க போல."

"தவிடு மாட்டுக்கு வேணும் ஹாஜியார். சாம்பல் உங்களுக்கும் வேணா, மாட்டுக்கும் வேணா. அதத் தாங்க."

பத்துச் சட்டி களிக்கு ஒரு சட்டி சாம்பல், அரைச் சட்டி சுண்ணாம்பு. கலந்து, நீர் தெளித்து, இடித்து இறுக்கி, ஈர வைக்கோலால் மூடினார். பரீட்சைக்கு நூறு முழம். கேட்டது ஒன்றே ஒன்று: "ஏழு நாளைக்கு ஒரு வண்டிச் சில்லும் ஏறப்படா."

முப்பது நோன்பு பிடிக்கிற ஊருக்கு ஏழு நாள் பொறுக்க முடியவில்லை. மூன்றாம் நாளே ஹாஜியாரின் உழவு மெசின் நெல் மூட்டைகளோடு ஏறியது. பாதை பிளந்தது. உடனே, சாம்பல் தோற்றது என்றீர்கள். இரு முனையிலும் முள் போட்டு அடைத்திருந்தோமே? "முள்ளக் கண்டா நான் ஏத்துவனா?" என்று ஹாஜியார் கடைத்தெருவெல்லாம் கேட்டுத் திரிகிறார். உமியை மெல்லுகிற கதை இது. அந்த முள்ளுக்குக் காவல் நான். என்னைத் தாண்டி ஒரு கோழிகூடப் போனதில்லை.

இன்றைய தீர்மானத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? "சாம்பல் முறை தோல்வியுற்றதால் மீண்டும் கிறவல் போடப்படும்." மனிதரை ஒரு தரம் அடக்கம் செய்தது போதாதா? வாலிபர் சங்கம் சபதம் செய்கிறது: முழுப் பாதையையும் அவர் சொன்ன அளவிலேயே கலப்போம். ஏழு நாளும் காப்போம்.

காப்பது பற்றி ஒரு சிறு திருத்தம். ஹாஜியார் சொன்னது உண்மை. அன்று கல்முனையில் பந்தடிப் போட்டி. சைக்கிள் போக முள்ளை இழுத்தவன் நான்தான், திருப்பி வைக்கவில்லை. பந்தடியிலும் தோற்றோம். பின்னேரம் ஓவசியர் கேட்டார்:

"ஆரு மனே முள்ள எடுத்த?"

"காத்து, சேர்."

வைக்கோலில் கிடந்த மெல்லிய சில்லுத் தடத்தைப் பார்த்தார். "சைக்கிள் ஓடுற காத்தா?"

அவ்வளவுதான். மௌத்தாகும் வரை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஹாஜியார், மன்னிச்சுக்கொள்ளுங்க. செயலாளர் அவர்களே, தீர்மானத்தில் "சாம்பல் முறை" என்பதை வெட்டிவிட்டு, தோற்றது யாரென்று சரியாக எழுதுங்கள். என் பெயர் காலிதீன்.