பிரஸ்ஸுக்கு முட்டுக் கொடுத்த கம்பி

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, பெஞ்சிலும் வாசலிலும் நெருக்கியடித்து நிற்கும் பட்டறைச் சொந்தங்களே, எல்லாருக்கும் என் வணக்கம். நீங்கள் பெரியவர் என்று கூப்பிட்டவர், இன்று அஞ்சலி செலுத்த வந்திருப்பவர், என் வீட்டுக்காரர்.

முன்னால் பேசியவர்கள் அவரைச் சாந்தமானவர் என்றார்கள். யார் சொன்னது? பட்டறையில் தகடு அடிக்கிற பிரஸ்ஸில் முதன்முதலாக ஒருவருக்கு விரல் போன அன்று, மேஸ்திரி ரூம் கண்ணாடியைக் கையாலேயே குத்தி உடைத்தவர் அவர். ரத்தம் சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்து, "பயப்படாதே, இது என் ரத்தம்தான்" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். மகன் சின்ன வயதில் ஓடுகிற ஃபேனுக்குள் விரலை நீட்டினான். கன்னத்தில் ஐந்து விரலும் பதிய அறைந்தார். பிறகு அந்தப் பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பேரப்பிள்ளைகள் கதவுப் பக்கம் போனால் சாப்பாட்டிலிருந்து எழுந்து ஓடுவார். கதவு என்ன கடிக்குமா என்று கேலி செய்வேன். "கடிக்கும்டி" என்பார்.

தகட்டின் மேல் இறங்கி அடிக்கிற அந்தப் பிரஸ் தலையின் கனத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அதற்கு அடியில் யாராவது கையை விட்டுத் துடைக்கும்போது, தலை இறங்காமல் இருக்க ஒரு இரும்புக் கம்பியை முட்டுக் கொடுப்பார். "கை வெளிய வந்தாச்சா?" என்று கத்திக் கேட்டு, வந்தாச்சு என்று பதில் வந்த பிறகுதான் கம்பியை எடுப்பார். மேஸ்திரிக்கு அது ஆகாது. அந்த நேரத்தில் இன்னும் நாலு தகடு அடிக்கலாமாம்.

அன்றைக்கு, முன் வரிசையில் இருக்கிற இந்தத் தங்கச்சியின் இரண்டு கையும் உள்ளே இருந்தது. மேஸ்திரி ஒரு கையைச் சுவிட்சில் வைத்துக்கொண்டு, மறு கையால் கம்பியை இழுத்தான். இவர் விடவில்லை. "விடுடா கிழவா" என்று வாயிலேயே குத்தினான். பல் தெறித்தது. விடவில்லை. ரத்தத்தைத் துப்பிக்கொண்டே "கைய எடும்மா" என்று கத்தினாராம். தங்கச்சி கையை எடுத்த பிறகுதான் பிடியை விட்டார்.

பிரஸ் தலை இறங்கியது. அதே கம்பி அவர் தலையிலும் இறங்கியது. ஒரு தடவை இல்லை. விழுந்த பிறகும் அடித்தான். ஆஸ்பத்திரியில் நான் பார்த்த முகத்தில், இன்னார்தான் என்று அடையாளம் சொல்ல ஒரு காதுதான் மிச்சம் இருந்தது.

மேஸ்திரி ஜாமீனில் வந்துவிட்டான். கம்பியைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து பிரஸ் முட்டு இல்லாமல் ஓடுகிறது.

தேய்ந்தால் மாற்றிக்கொள்ள, அந்தக் கம்பிக்கு ஜோடியாக இன்னொன்று வெட்டி எங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். இன்று காலை அதைக் காணோம். வாசல் ஓரமாக, சாக்குப் பைக்குள் கையை விட்டபடி நிற்கிறான் என் மகன். எங்கே போகக் கிளம்பியிருக்கிறான் என்று தெரியாதா எனக்கு? எனக்கு மட்டும் ஆத்திரம் இல்லையா? தினமும் அந்த ஆளின் மண்டையை மனதுக்குள் பிளந்துவிட்டுத்தான் படுக்கிறேன். ஆனால் அந்தக் கம்பியும் போலீஸுக்குப் போய்விட்டால், நாளைக்குப் பிரஸ்ஸுக்குள் போகிற கைகளுக்கு எது முட்டு?

கோர்ட்டில் தங்கச்சி சாட்சி சொல்வாள். நான் நாளைக் காலையில் கம்பியோடு பட்டறைக்கு வருவேன். அவர் நின்ற இடத்தில் நிற்பேன். அதை முட்டுக் கொடுக்காமல் யாரும் கையை விடக்கூடாது. எவன் வந்து இழுக்கிறான், பார்ப்போம்.

பையை இங்கே கொண்டு வாப்பா. உன் அப்பா கேட்கிற மாதிரியே கேட்கிறேன்.

கை வெளிய வந்தாச்சா?