வலது கை

"ஊசி போட்டப்ப கால ஒதச்சான், எடது கைய ஒதறுனான். இந்த வலது கை மட்டும் தொங்கிகினே கீது அண்ணி."

செய்யூரில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண், பக்கத்தில் அவள் அண்ணி. செங்கல்பட்டில் வக்கீலைப் பார்க்கப் போகிறார்கள்.

"பொறவியிலயே அப்படின்னு டாக்டரு சொல்றாரே."

"பிரசவத்துல தோளு மாட்டிக்கிச்சின்னு தலையப் புடிச்சி இழுத்தாங்க. நான் முழிச்சிகினுதான இருந்தேன்."

"இன்னா ஆனாலும் நாங்களே பொறுப்புன்னு ஆஸ்பத்திரியில கையெழுத்து போட்டுட்டியே. கேஸு நிக்குமா?"

"நிக்கும்னு வக்கீலு போன்லயே சொல்லிட்டாரு. வைத்தியம் பாக்கத்தான் அந்தக் கையெழுத்தாம், தப்பு பண்றதுக்கு இல்லியாம்."

"போட்டது போட்டதுதான."

அவள் குழந்தையின் துவண்ட கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"நான் போட்டது என் கையெழுத்து அண்ணி. இவன் கைய யாருக்கும் எழுதிக் குடுக்கல."