ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன்

காலை ஒன்பது மணிக்கு முன்னால் எடுத்தால் எந்த முகமும் படத்தில் நன்றாக வரும். வெயில் ஏறிவிட்டால் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும். இதைக் கல்லூரியில் சொல்லித் தரவில்லை, சார். வேலைக்கு வந்து கற்றுக்கொண்டது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அம்மா இதுபோன்ற அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தவள். பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

ரத்ததான முகாம் ஒன்றின் விளம்பர வேலையை எங்கள் விளம்பர நிறுவன முதலாளி மேடம் என் தலையில் கட்டினார். "ஆயிரம் பேர் வரணும்மா. வரலைன்னா திங்கட்கிழமை நீயும் வர வேண்டாம்" என்றார், சிரித்துக்கொண்டே. அந்த மாதிரி ஆட்களுக்குச் சிரித்துக்கொண்டே கழுத்தறுக்க வரும்.

ரத்தம் கொடுங்கள் என்று பொதுவாகச் சொன்னால் எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். ஒரு முகம் வேண்டும். ஆஸ்பத்திரியில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி கிடைத்தாள். லட்சத்தில் ஒருவருக்கு இருக்கும் ரத்த வகை. அது கிடைத்தால்தான் அறுவை சிகிச்சை. அவளுக்குத் தும்பி என்று நான்தான் பெயர் வைத்தேன். முகநூலில் பதினைந்து நாளுக்குப் பதிவு அட்டவணை போட்டேன். தும்பி வரைந்த படம் ஒரு நாள், கட்டிலுக்கடியில் கிடக்கும் அவள் செருப்பு ஒரு நாள், தையல் மிஷின் முன்னால் அழுகிற அவள் அப்பா ஒரு நாள். செருப்புக்குத்தான் கூட்டம் அதிகம்.

பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, எங்கள் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. லாரி ஓட்டுநர் ஒருவர். மருத்துவச் சீட்டையும் படம் பிடித்து அனுப்பியிருந்தார். தும்பியின் அதே வகை. நான் உடனே போன் செய்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி தெருவுலதான் லோடு இறக்குறேன். பத்து நிமிஷத்துல வந்துடட்டா மேடம்?"

"ஞாயித்துக்கிழமை காலைல முகாம் நடக்குற மைதானத்துக்கு வாங்கண்ணே. நல்ல சட்டையா போட்டுட்டு வாங்க."

"பாப்பா அதுவரைக்கும் தாங்குமா?"

"டாக்டர்கிட்ட கேட்டுட்டோம்."

கேட்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். செவ்வாய்க்கிழமையே அவள் பிழைத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எவன் வருவான்? அவரை மேடையேற்றி, "இவர்தான் அந்த ஒருவர்" என்று சொன்னால் மொத்தக் கூட்டமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும். ஆயிரம் பேரின் ரத்தம் எத்தனை பிள்ளைகளுக்கு ஆகும்? என் இரக்கம் ஒரு பிள்ளைமேல் மட்டுமல்ல. எல்லாப் பிள்ளைகள்மேலும்தான்.

வெள்ளிக்கிழமை காலை தும்பி இறந்துவிட்டாள். கால் மணி நேரத்தில் எங்கள் பதிவு வெளியானது: "ஒரே ஒருவர் கிடைத்திருந்தால்…" ஏழு லட்சம் பேர் பகிர்ந்தார்கள். மேடம் என்னைக் கட்டிப்பிடித்தார். அந்தப் பதிவை எப்போது எழுதினேன் என்று என் கணினியிலேயே பார்த்திருப்பீர்கள். செவ்வாய்க்கிழமை, லாரிக்காரரிடம் பேசி முடித்த கையோடு. அட்டவணை போடுகிறவள் இரண்டு முடிவுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

ஞாயிறு ஆயிரத்து எண்ணூறு பேர் வந்தார்கள். லாரிக்காரரை வர வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன். நான் செய்த தவறு அது ஒன்றுதான். மூன்று நாள் வண்டியோட்டத்திலிருந்து நேரே வந்திருந்தார். எதுவும் தெரியாது. தேய்த்த வெள்ளைச் சட்டை.

ரத்தம் கொடுத்தவர்களுக்குத் தும்பியின் அப்பாதான் பழச்சாறு கொடுத்துக்கொண்டிருந்தார். அதுவும் என் யோசனைதான்.

"நீங்க என்ன குரூப்புங்க?" என்று அவர் சும்மா கேட்டார்.

லாரிக்காரர் சொன்னார். அப்பாவின் கை பாதியில் நின்றது.

"செவ்வாய்க்கிழமையே வரேன்னு சொன்னேங்க. மேடம்தான் இன்னிக்கு வரச் சொன்னாங்க" என்று என்னைக் காட்டினார். "பாப்பா எங்கங்க? முதல்ல அதைப் பாத்துடறேன்."

அப்பா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் உறைந்து நின்றதால் அந்த முகத்தை யாரும் படம் எடுக்கவில்லை.

நான் எடுத்தேன், சார். மணி எட்டே முக்கால். வெளிச்சம் நன்றாக இருந்தது.