ஒரு டிஸ்க் குறைகிறது

தம்புசாமி: ...மனுசனுங்களா இவனுங்க? அன்னிக்கு உன் அம்மா ரோட்ல அடிபட்டுக் கெடக்குறா, தூக்க ஆளில்ல. எல்லாவன் கையிலயும் போனு. படம் புடிக்கிறானுங்க!

தாமரை: அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க. ஸ்கிரீன்ல என்னமோ எழுதியிருக்கு, படிக்கிறேன்.

தம்புசாமி: என்னத்தப் படிக்கிற? செத்துப்போச்சு அந்தக் கேமராக் கம்ப்யூட்டரு. தூக்கிக் கடாசு.

தாமரை: சாகல. லினக்ஸ் பாதியில நின்னுருக்கு. பாஸ்வேர்ட் போட்டா உள்ள போயிப் பார்க்கலாம்.

தம்புசாமி: ஓசியில கெடைக்குதுன்னு உன் அண்ணன் போட்டான். ஓசி சாமான் இப்படித்தான் நிக்கும்.

தாமரை: அண்ணன் இப்ப வந்துரும். அம்மாவ மோதுன லோரி எதுன்னு கேமராவுல பார்த்தே ஆகணுமாம். தன்கூட லோரி ஓட்டுறவங்கள ஒருத்தர் விடாம விசாரிச்சுக்கிட்டுத் திரியுது.

தம்புசாமி: ம்... முடியலன்னு சொல்லிரு.

தாமரை: இருங்க... ரெண்டு டிஸ்க்கு இருக்கணும். ஒண்ணுதான் காட்டுது. கேமரா படமெல்லாம் சேர்ற டிஸ்க்கக் காணோம். அதத் தேடிக்கிட்டுத்தான் நிக்குது.

தம்புசாமி: அன்னிக்கு மழையில இடிச்ச இடியில...

தாமரை: பெட்டியில ஸ்குரூவக் காணோம். இடி வந்து ஸ்குரூவக் கழட்டுமாப்பா? பெட்டியத் தொறந்தது யாரு?

தம்புசாமி: எவனாச்சும் தொறந்திருப்பான். கருமாதிக்கு வந்தவனெல்லாம் யோக்கியனா?

தாமரை: சரி விடுங்க. அந்த டிஸ்க்கத் தேடாதேன்னு ஒரு வரிய மாத்துறேன்... ரீஸ்டார்ட்... ஆ, வந்துருச்சு.

தம்புசாமி: வந்துருச்சா! படமுமா?

தாமரை: ஏன் பதறுறீங்க? படம் வரல. டிஸ்க்கு எங்கப்பா?

தம்புசாமி: ஆத்துல.

தாமரை: எந்த...

தம்புசாமி: கிள்ளான் ஆத்துல. போ, முங்கி எடுத்துக்க.

தாமரை: ...அப்ப நீங்களும் படத்தப் பார்த்துட்டீங்களா?

தம்புசாமி: படம் எதுக்கு? நான் வாசல் கேட்டுப் பக்கத்துலதான் நின்னேன். அவ குப்பையப் போட லோரிக்குப் பின்னால போனா. உன் அண்ணன் ரிவர்ஸ் எடுத்தான். கத்தினேன்லா... எஞ்சின் சத்தத்துல அவனுக்குக் கேக்கல. திரும்பிப் பார்க்காமப் போயிட்டான். இன்னிக்கு வரைக்கும் அவனுக்குத் தெரியாது... இரு. "நீங்களும்"னா?

தாமரை: இங்க பதிவாகுற படம் ஒரு காப்பி பிரிக்பீல்ட்ஸ்ல என் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் வரும். பார்த்துட்டு அங்க அழிச்சுட்டேன்.

தம்புசாமி: அப்புறம் இத எதுக்குடி எழுப்புன?

தாமரை: இங்க ஏதாச்சும் மிச்சம் இருந்தா, அண்ணன் வர்றதுக்குள்ள அதையும் அழிக்கத்தான்பா.

தம்புசாமி: அழிச்சேங்கிற. இந்தக் கம்ப்யூட்டர் கருமத்தையும் செத்துப்போச்சுன்னுதான் விட்டேன், என் கண்ணு முன்னாலயே ஓட வச்சுட்ட. நீ அழிச்ச படத்தையும் நாளைக்கு எவனாச்சும் எடுத்துக் காட்டுவான். நான் நம்பமாட்டேன்... லோரி சத்தம் கேக்குது. வந்துட்டான். நீயே பேசிக்க, நான் பின்பக்கமாப் போறேன்.