பசவராஜப்பா வீட்டுத் தாம்பூலம்

— முதல் பஸ் கொள்ளேகாலத்துக்குப் போன கையோட தட்டு வந்துதுங்களா?

— ஆமா. பஸ்சுப் புழுதிகூட அடங்கல. நீ கெணத்துக்குப் போயிருந்தே.

— யாருங்க கொண்டாந்தது?

— பசவராஜப்பாவோட தம்பியும் அவரு சம்சாரமும். தட்டு மேல பட்டுத் துணி போட்டு மூடியிருந்துச்சு. நாளைக்கு எங்க பாப்பாவுக்குக் கண்ணாலம், நீங்கதான் நாயனம் வாசிக்கோணும்னு சொல்லி நீட்டினாங்க. வாங்கிட்டேன்.

— வாங்கிட்டீங்க.

— கை நீண்டுருச்சு தேவம்மா. சின்ன வயசுல இருந்து வாங்கின கை. தட்டைப் பாத்தா துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு நீட்டத்தான் அதுக்குத் தெரியும். யாரு, என்னன்னு நான் யோசிக்கறதுக்குள்ள தட்டு என்ற கையில இருக்குது.

— நம்ம தாலூகாவை மைசூரோட சேத்த வருசம், கன்னடம் எழுதத் தெரிஞ்ச ஆளுன்னு உங்களுக்குப் பஞ்சாயத்துல கிளார்க்கு வேலை குடுத்தாங்க. அன்னிக்கு இருந்து நீங்க யாரு கண்ணாலத்துக்கும் வாசிக்கலீங்க. எங்க பெரியம்மா பேத்தி கண்ணாலத்துக்கே கவர்மெண்டு ஆளு ஊதக்கூடாதுன்னு சொல்லிப்போட்டீங்க.

— இப்போ நான் கவர்மெண்டு ஆளு இல்லையே. ராஜினாமா குடுத்துட்டுத்தானே தாலூகா போர்டுக்கு நிக்கறேன்.

— சரி, கேக்கறேன். யாரை எதுத்து நிக்கறீங்க?

— தெரியாத மாதிரி கேக்காதே புள்ள.

— வாயால சொல்லுங்க.

— பசவராஜப்பாவை.

— ஓட்டு என்னிக்குங்க?

— நாளன்னைக்கு.

— நாளைக்குக் கண்ணாலம் முடிஞ்சு, பொழுதோட பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம். மேலத்தெரு, சந்தைப்பேட்டை, கீழத்தெரு, ஒரு தெரு பாக்கி இருக்காது. நீங்க முன்னால ஊதிக்கிட்டுப் போவீங்க. பின்னால அவரு எல்லாரையும் கும்புட்டுக்கிட்டு வருவாரு. மைசூர்ல இருந்து பேண்டு செட்டு சொல்லி வெச்சவங்களுக்கு நம்ம நாயனம் எதுக்குன்னு நீங்க கேக்கலீங்களா?

— கேக்கற முறை இல்ல. அது தொழிலு, இது தேர்தலு. சனங்களுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியும்.

— தேவம்மா, மாப்ள வந்துட்டாப்லயா?

— வாங்கண்ணா. உள்ளதான் இருக்காரு. உங்க தவிலுக்கும் சேத்துத்தான் தாம்பூலம் வாங்கியிருக்காரு, தெரியுமா?

— தெரியும். டீக்கடையில நாலு பேரு எனக்கு வாழ்த்துச் சொன்னாங்க. ஒருத்தன், ‘கெம்பையா, உன்ற மாப்ள போட்டியில இருந்து விலகிட்டாராமே’ன்னான். சும்னே இருடா, அவரு வெத்தலைதான் வாங்கினாருன்னேன். அதுக்கும் சிரிக்கறானுங்க. மாப்ளே, அந்தத் தட்டை எடு. நான் கொண்டு போயிக் குடுத்துட்டு வந்தர்றேன்.

— கண்ணாலப் பொண்ணோட தாம்பூலம் மச்சா. திருப்பினா அந்தப் புள்ளைக்கு ஆகாது. நம்ம சனத்துல வாங்கின வெத்தலையை யாரும் திருப்பினதில்ல. முறைன்னு ஒண்ணு இருக்குது. எங்க சித்தப்பன் குளிர்காச்சலோட, கம்பளியைப் போத்திக்கிட்டுப் போயி வாசிச்சாரு.

— திருப்ப வேண்டாம். அந்தியூர்ல என்ற சம்பந்தி மகன் இருக்கான். உன்னளவுக்கு வராது, ஆனா ஊர்வலத்துக்குப் போதும். ராத்திரிக்குள்ள கூட்டியாந்தர்றேன். செட்டு நம்ம செட்டு, ஊதற ஆளு வேற. முறைக்கு முறையும் ஆச்சு.

— வாங்கினது என்ற கை. அவன் கை இல்ல.

— அப்போ வாயில புண்ணுன்னு சொல்லு.

— பொய் சொல்லச் சொல்றியா? ஓட்டுக் கேக்கற வாய் மச்சா இது.

— அதனாலதான் சொல்றேன். ஓட்டுக் கேக்கற வாய்க்கு அது பெரிய காரியமா?

— சிரிக்க வெக்காதீங்கண்ணா. மாதேவி வந்துட்டுப் போனா.

— கீழத்தெரு மாதேவியா?

— அவதான். உள்ள வரச் சொன்னேன், வரமாட்டேன்னுட்டா. வாசல்ல நின்னே கேட்டா. ‘ஒரு குடம் தண்ணிக்கு நாங்க படற பாட்டைப் பாத்துக் கிளார்க்கு ஐயாதான் மனு எழுதிக் குடுத்தாரு. மைசூருக்கே எங்களைக் கூட்டிக்கிட்டுப் போயி ஆபீசரு முன்னால நிக்க வெச்சாரு. கெணறு வெட்ட உத்தரவு வந்துச்சு. எடம் எங்களுதுன்னு பசவராஜப்பா தடுத்தாரு. போர்டுல உக்காந்தா வெட்டித் தாரேன்னு ஐயா சொன்னாரு. அவரு வாக்கை நம்பித்தான் பசவராஜப்பா காட்டு வேலையை உட்டுப்போட்டுக் கொடி புடிச்சோம். நாளைக்கு ஐயாவே அந்த வாசல்ல நின்னு ஊதினா, நாங்க எந்த வாசல்ல போயி நிக்கறது’ன்னு கேட்டா.

— நீ என்ன சொன்னே?

— ஐயா வந்ததும் கேட்டுச் சொல்றேன்னேன். இப்போ கேக்கறேன்.

— கெணறு எங்கயும் போயிராது. ஒரு நாள் ஊதினதுக்காகக் கெணறு இல்லைன்னு ஆயிருமா?

— நீங்க தோத்தா இல்லைன்னுதான் ஆகும்.

— மாப்ளே, நெசத்தைச் சொல்லு. உனக்கு ஜெயிக்க ஆசை இருக்குதா, இல்லையா?

— என்ன பேச்சு இது?

— போன வாரம் சந்தைப்பேட்டையில பெட்டி மேல ஏறி நின்னே. கெணறு, ரோடுன்னு நாலு வார்த்தை பேசறதுக்குள்ள சட்டை நனைஞ்சு போச்சு. பின்னால இருந்து எவனோ, ‘பேச்சு போதும் மல்லப்பண்ணா, நாயனத்தை எடு’ன்னு கத்தினான். நான் அவனை அடிக்கப் போனேன். அப்போ உன்ற மூஞ்சியைப் பாத்தேன். அதுல கோவம் இல்ல.

— மைசூரு தசராவுல, யானைக்கு முன்னால நின்னு வாசிச்சவன் நான். அவ்வளவு கூட்டத்துல ஒரு கொழந்தை அழுகல. இங்க ஜல்லி, மண்ணுன்னு பேசினா பாதியில எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறானுங்க.

— போகட்டும். ஓட்டுக்கு வந்தாச் சரி.

— மச்சா, எனக்கு வேற ஒரு சந்தேகம். தட்டை நீட்டினா இவன் கை தானா நீளும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நம்ம செட்டுல ஒருத்தன் சொல்லாம தெரியாது.

— நீ என்ன சொல்ல வரே?

— நேத்து நீ அவங்க பந்தல்ல உக்காந்து காப்பி குடிச்சேன்னு சொன்னாங்க.

— பந்தல் போடக் கூலிக்குப் போனேன். நீ நாயனத்தைக் கட்டி வெச்சுட்டே, தவிலை மட்டும் தனியா எவன் கூப்புடறான்? மூங்கில் கட்டினேன், காப்பி குடுத்தாங்க, குடிச்சேன்.

— அப்போ நான் மறுபடியும் ஊதினா உனக்கு நல்லதுதானே.

— நல்லதுதான். அதனால?

— ஒண்ணுமில்ல.

— பாதியில நிறுத்தாதே மாப்ளே. சொல்லிப்போடு.

— நீதான் சொல்லியிருக்கோணும். நம்ம பக்கம் இதுல வேற யாருக்கும் ஆதாயம் இல்ல.

— தேவம்மா, நீ என்ன சொல்றே?

— நான் ஒண்ணும் சொல்லலீங்கண்ணா.

— உன்ற புருசன் சொல்றதை நீயும் நம்பறியா?

— அண்ணா, இப்போ நீங்க வூட்டுக்குப் போங்க. அப்புறமேட்டுக்கு நான் வந்து பேசறேன்.

— வர வேண்டாம். மாப்ளே, அந்தப் பந்தல்ல பசவராஜப்பாவோட தம்பி எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். மல்லப்பன் ஜெயிப்பானான்னு. ஜெயிப்பாரு, டம்ளரை எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டு வந்தேன். நீ நாளைக்குப் போறதுன்னா போ. தவிலுக்கு வேற ஆளைப் பாத்துக்க.

— மச்சா, நில்லு. உக்காந்து பேசலாம்.

— சும்னே இரு.

— போயிட்டாருங்க. செருப்பைக்கூடப் போடாம போறாரு.

— போகட்டும். சொன்னது உறுத்தியிருக்கும், அதான் இந்த ஓட்டம். ரெண்டு நாள் போனா அவனே வருவான்.

— ரெண்டு நாள் போனா ஓட்டே முடிஞ்சுருமுங்க.

— நீ கீழத்தெருவுக்குப் போயி மாதேவியைப் பாரு. அவங்க சூழ்ச்சி பண்ணிப்போட்டாங்க, ஐயாவுக்கு ஒண்ணும் தெரியாது, தட்டைக் கண்டதும் பழக்கத்துல கை நீண்டுருச்சுன்னு பக்குவமாச் சொல்லு. பொம்பளை சொன்னா பொம்பளை கேப்பா.

— கேப்பா. உங்க பேரைச் சொன்னா அவ எதை வேணாலும் நம்புவா.

— அப்புறம் என்ன யோசனை? பொழுது போறதுக்குள்ள கெளம்பு. ஏன் அப்படிப் பாக்கறே?

— அண்ணன் முன்னால உங்களைக் கேக்க வேண்டாம்னு இவ்வளவு நேரம் வாயை மூடிக்கிட்டு இருந்தேனுங்க. தட்டு வந்தது இன்னிக்குக் காலையில. நேத்துப் பொழுதோடயே, வாசிக்கப் போறவராட்டம், நாயனத்துல வாய் வெச்சு ஊதற சீவாளியை எதுக்குங்க தண்ணியில ஊறப் போட்டீங்க?